அட்லீஸ்ட்: தமிழில் அது ஒட்டிக்கொண்டு வரும்

"அட்லீஸ்ட் ஒரு போன் பண்ணியிருக்கலாமே!" வீட்டிலும் அலுவலகத்திலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அட்லீஸ்டுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பலரும் 'குறைந்தபட்சம்' என்பார்கள். அதை இங்கே வைத்துப் பாருங்கள்: "குறைந்தபட்சம் ஒரு போன் செய்திருக்கலாமே." மனத்தாங்கல் போய், சுற்றறிக்கையின் குரல் வந்துவிடுகிறது.

ஆங்கில லீஸ்ட், லிட்டில் என்பதன் உச்சநிலை. எல்லாவற்றிலும் குறைந்தது என்று பொருள். குறைந்தபட்சத்தில் இருக்கும் 'பட்சம்' வடமொழி. சிறகு, பக்கம், தரப்பு என்றெல்லாம் பொருள்படும். சுக்கிலபட்சம், கிருஷ்ணபட்சம் என்கிறோமே, அதே சொல்தான். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை என்று கீழ்வரம்பு கட்டும் இடங்களில் அது நன்றாகவே பொருந்துகிறது. வெறும் எண்ணிக்கைக்கு 'குறைந்தது பத்துப் பேர்' என்றாலே போதும்.

ஆதங்கத்துக்கு? அதற்குத் தனிச்சொல்லே வேண்டாம். 'ஆவது' என்று ஒட்டினால் முடிந்தது. "ஒரு போனாவது பண்ணியிருக்கலாமே." "ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டுப் போ." பேச்சில் 'ஒரு வாயாச்சும்' என்போம்.

அட்லீஸ்டை வாக்கியத்தின் தலையில் வைத்தால் அது எதைக் குறிக்கிறது என்பதைக் குரல் அழுத்தத்தில்தான் காட்ட வேண்டும். ஆவது அப்படியில்லை, எந்தச் சொல்லுக்குரியதோ அதிலேயே போய் ஒட்டும். "நீயாவது சொல்", "எனக்காவது சொல்", "நாளைக்காவது சொல்": மூன்றும் மூன்று மனநிலை. "கேட்டாவது பார்த்தாயா?" என்று வினையெச்சத்தோடும் சேரும். இவ்வளவு துல்லியமான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அட்லீஸ்டைத் தேடிப் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

'ஆ' என்ற வினையடியில் பிறந்தது இந்த ஆவது. முதலாவது, இரண்டாவது என்று வரிசை சொல்வதும் அதே ஆவதுதான். அதனால் 'பத்தாவது கொடு' என்று எழுதினால் கொஞ்சம் குழப்பும். 'பத்து ரூபாயாவது கொடு' என்றால் சரி. "எனைத்தானும் நல்லவை கேட்க" என்கிறது குறள் (416). எவ்வளவு சிறிதே ஆனாலும் நல்லதைக் கேள் என்று பொருள். எனைத்து என்பதோடு சேர்ந்திருக்கும் 'ஆனும்' இதே வினையடியிலிருந்து வந்ததுதான்.

அப்புறம், மறுமுனையில் மேக்ஸிமம் என்கிறோமே, அதற்கும் 'மிஞ்சிப்போனால்' இருக்கிறது. "மிஞ்சிப்போனால் பத்துப் பேர் வருவார்கள், இருபது இலை எதற்கு?"