அமிலம் கடித்த தேவாலயம்

பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் கடற்கரை ஊர்க்காரரான ஓவியர் ஜேம்ஸ் என்சோர், 1886-ல் ‘தேவாலயம்’ என்றொரு எட்சிங் செய்தார். உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அதிலிருந்து தாளில் அச்செடுக்கும் படம்தான் எட்சிங். உயரம் சுமார் 24 சென்டிமீட்டர், அவ்வளவுதான். அதற்குள் எள் போட்டால் விழாத கூட்டம், அதன் பின்னால் அணிவகுத்த படைவீரர்கள், எல்லாருக்கும் மேலே வானத்தை முட்டும் கோதிக் தேவாலயம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கடுகளவு தலைகளுக்கும் முகம் இருக்கிறது!

இவ்வளவு நுணுக்கம் உலோகத்தில் எப்படி வந்தது? எட்சிங்கில் கலைஞர் உலோகத்தை வெட்ட வேண்டியதில்லை. செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின் மேல் தேன்மெழுகும் பிசினும் தாரும் கலந்த மெல்லிய பூச்சு பூசுகிறார்கள். ஊசியால் அந்த மெழுகைக் கீறினால் போதும். பேனா பிடித்த மாதிரி கை தாராளமாக ஓடும். என்சோரின் நடுங்கும் கோடுகளுக்கு இது ரொம்பத் தோதான வழி.

அப்புறம் தகடு நைட்ரிக் அமிலத்துக்குள் போகிறது. மெழுகு விலகிய இடத்தில் மட்டும் அமிலம் உலோகத்தைக் கரைக்கும். கோட்டோரம் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். அவை அங்கேயே ஒட்டிக்கொண்டால் அமிலம் அந்த இடத்தைத் தொடாது, கோடு திட்டுத்திட்டாகிவிடும். அதனால் பறவை இறகால் மெல்ல வருடி அவற்றை விலக்குவார்கள்.

ஒரே ஊசிதான், ஆனால் கருமையின் அளவு நேரத்தின் கையில். சில நிமிடங்களில் தகட்டை வெளியே எடுத்து, வெளிறியிருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷ் பூசி அடைத்துவிட்டு மீண்டும் அமிலத்தில் இறக்குவார்கள். மிச்சக் கோடுகள் இன்னும் ஆழமாகும், ஆழத்துக்கேற்ப மை பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், அமிலம் பக்கவாட்டிலும் தின்னும். கூட்டத்தை வரைவது போல நெருக்கிக் கோடு போட்டால், நடுவிலுள்ள உலோகச் சுவர் கரைந்து ஒரே பள்ளமாகிவிடும். அகலப் பள்ளத்தில் மை நிற்காது. துடைக்கும்போது வழித்துக்கொண்டு போய்விடும். கன்னங்கரேல் என்று வர வேண்டிய இடம் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

கடைசியில் தகடு முழுக்க மை தடவி, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துவரும். படம் இடவலம் மாறி விழும்.

ஒவ்வொரு பிரதிக்கும் இதே துடைப்பு, இதே அழுத்தம். தகடு தேயத்தானே செய்யும்? ஆழம் குறைந்த மெல்லிய கோடுகள் முதலில் போகும். 1896-ல் என்சோர் இதே தேவாலயத்தைப் புதுத் தகடொன்றில் மறுபடி கீறினார்.