இரண்டு ஆறுகள் உருட்டிய மரம்

மழைக்காலம் முடிந்து சங்கராபரணி ஆற்றில் நீர் இறங்கிய தை மாதக் காலையில், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைப் பக்கம் மணலில் குனிந்தபடி நடந்தால் விறகுத் துண்டு போல ஒன்று தட்டுப்படலாம். பழுப்பு நிறம், நீளவாக்கில் ஓடும் நார், ஓரத்தில் சிராய். யாரோ அடுப்புக்கு வெட்டியபோது சிதறியது என்றுதான் தோன்றும். கையில் எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதே அளவு உலர்ந்த விறகைவிட மூன்று நான்கு மடங்கு கனம். இதைத்தான் கல்மரம் என்கிறார்கள்.

விஷ்ணுவால் கொல்லப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்பது ஊர்க்கதை. எலும்பா மரமா என்பதில் கதை தவறியிருக்கலாம். ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்ற முக்கியமான விஷயத்தில் தவறவில்லை. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-இல் இவற்றைப் பற்றி எழுதினார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இங்கே தேசியக் கல்மரப் பூங்காவை அமைத்தது. அடிமரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். அவை கிடக்கும் செம்மணற்கல்லுக்கு அறிவியல் உலகம் வைத்திருக்கும் பெயர் 'கடலூர் மணற்கல்'. கடலூரில் கேப்பர் மலை ஏறுபவர்கள் மிதிப்பதும் அதே பாறையைத்தான்.

பூங்காவில் சற்று நேரம் நின்று பார்த்தால் ஓர் உறுத்தல் வரும். இத்தனை மரங்களில் ஒன்றுக்கும் வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. எல்லாமே படுத்துக் கிடக்கின்றன. வளர்ந்த இடத்திலேயே கல்லாகியிருந்தால் வேரோடு நிற்கும் அடிக்கட்டை ஒன்றாவது அகப்பட்டிருக்க வேண்டும். ஆகவே இவை இங்கே முளைத்தவை அல்ல. வேறெங்கோ வளர்ந்து, பழைய ஆறொன்றின் வெள்ளத்தில் புரண்டு, பட்டை உரிந்து, கிளை முறிந்து வந்து ஒதுங்கியவை. வந்த வேகத்திலேயே மணலும் சரளையும் மூடிக்கொண்டன. அதுதான் காப்பாற்றியது. காற்றுப் படாத ஆழத்தில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பெரிய வேலை இல்லை, மட்குவது மெதுவானது.

அந்த மணலில் இருந்த ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் சிதையும்போது, மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா நிலத்தடி நீரில் கரைந்தது. நீர் மரத்துக்குள் ஊறியது. மரத்தின் செல் சுவர்களில் இருக்கும் செல்லுலோஸும் லிக்னினும் சிலிக்காவைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும் தன்மை உடையவை. முதலில் சுவரின் மேல் மெல்லிய படலம், பிறகு செல்லின் உட்குழி நிரம்புதல், அதற்குள் மரப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விலகுதல். நீர் கலந்த சிலிக்காவான ஓபலாகப் படிந்தது காலப்போக்கில் நீரை இழந்து, இறுகி, கடினமான படிகச் சிலிக்காவான குவார்ட்ஸ் ஆனது. வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்வோமே, இது அதற்கும் மேலே ஒரு படி. சிவப்பும் மஞ்சளும் இரும்பு கொடுத்த நிறங்கள்; கறுப்பு பல நேரங்களில் மாங்கனீசு.

மரம் புதைந்தால் கல்லாகத்தான் ஆக வேண்டும் என்றில்லை. கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் புதைந்த தாவரங்கள் சதுப்பில் கார்பனாகவே தங்கிப் பழுப்பு நிலக்கரி ஆயின. ஒன்று எரிகிறது, மற்றொன்று எரியாது. சிலிக்கா உள்ளே நுழைந்ததா இல்லையா என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

சரி, ஆற்றில் கிடைத்ததை எப்படி அடையாளம் காண்பது? இரும்பு ஆணியால் கீறுங்கள். கல்மரத்தில் கீறல் விழாது, ஆணியின் இரும்புதான் அதன்மேல் கோடாகப் படியும். அடுத்து எலுமிச்சைச் சாறு. சுண்ணாம்பு நிறைந்த சுக்கான் கல்லைச் சுரண்டிய பொடியில் விட்டால் நுரைக்கும். சிலிக்காவில் ஒன்றும் நடக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு சுக்கான் கல்லை ஏதோ விலங்கின் முழங்கால் எலும்பு என்று நம்பிப் பல ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்தேன். வந்தவர்களிடமெல்லாம் காட்டியும் இருக்கிறேன்.

வரிவரியாக இருப்பதெல்லாம் மரமும் அல்ல. நீஸ் என்னும் பாறையிலும் வரிகள் உண்டு. பலர் ஆண்டு வளையங்களைத் தேடுவார்கள். அது இங்கே சரியான உத்தி அல்ல. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக விழுவதே இல்லை. குறுக்காக உடைந்த முகத்தை நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸில் பாருங்கள். ஊசியால் குத்தியது போன்ற துளைகள் தெரிந்தால் அவை நீர் ஏறிய குழாய்கள்: பூக்கும் தாவரம். துளையே இல்லாமல் ஒரே சீரான நுண்கட்டங்களாக இருந்தால் ஊசியிலை மரமாக இருக்கலாம். இனத்தின் பெயர் வரை போக வேண்டுமென்றால் குறுக்காக ஒன்று, நெடுக்கில் இரு திசைகளில் இரண்டு என்று மூன்று சீவல்கள் எடுத்து, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். கடலூர் மணற்கல்லின் மரங்களில் டிப்டிரோகார்ப் குடும்பத்தினவும் அப்படித்தான் அடையாளம் காணப்பட்டன. அந்தக் குடும்பத்தின் மரங்களில் பல இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் ஓங்கி நிற்கின்றன. இந்தப் பக்கத்துப் புழுக்கத்தில் நின்று அதை நினைப்பது விசித்திரமாக இருக்கிறது.

மரத்தைவிடப் பழையதும் அருகிலேயே உண்டு. புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர், கரசூர் பக்கத்துப் பாறைகள் கடலடியில் படிந்தவை. அங்கிருந்து கேயும் கன்லிஃபும் சேகரித்த அம்மோனைட்டுகளை, அதாவது சுருண்ட ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரிகளின் புதைபடிவங்களை, 1846-இல் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தபோது பிரம்மா, இந்திரா, சூர்யா என்று பெயர் வைத்தார். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான் என்பது நினைவுக்கு வந்தால், ஃபோர்ப்ஸுக்கு முன்பே நம்மவர்கள் அதில் தெய்வத்தைக் கண்டுவிட்டார்கள் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மேலோடு உதிர்ந்த சுருளின் மேல் சிக்குக் கோலம் போல நெளிந்து மடியும் கோடுகள் இருந்தால் அம்மோனைட். எளிய வளைவுகளாக இருந்தால், அதைப் போலவே சுருண்ட ஓடு கொண்ட நாட்டிலஸ். முன்னது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களின் முடிவை ஒட்டி அழிந்தது. பின்னதன் உறவினர்கள் இன்றும் கடலில் நீந்துகின்றன.

ஆறு ஒரு முறம். மென்மையான மணற்கல்லைப் பொடியாக்கிப் புடைத்துத் தள்ளிவிட்டு, கடினமான கல்மரத்தை நிறுத்திக்கொள்கிறது. ஆனால் புடைக்கும்போது எது எந்த அடுக்கில் இருந்தது என்ற கணக்கையும் கலைத்துவிடுகிறது. பழைய ஆறு காட்டிலிருந்து பிரித்தது, புதிய ஆறு பாறையிலிருந்து பிரிக்கிறது. எனவே கல்லின் முனைகளைப் பாருங்கள். கூழாங்கல் போல உருண்டிருந்தால் வெகுதூரம் வந்திருக்கும். எங்கிருந்து என்று சொல்வது கடினம். முனை மழுங்காத துண்டு கிடைத்தால், படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிட்டு நிமிர்ந்து கரையைப் பாருங்கள். அது பெயர்ந்து விழுந்த குழி சில அடி தூரத்திலேயே இருக்கக்கூடும்.