ஐடிலில்தான் அடி விழுகிறது

கோத்தகிரியில் என் பட்டறைக்கு வருவதில் முக்கால்வாசி டீ ஃபேக்டரி சாமான். சி.டி.சி. ரோலர் பேரிங், டிரையர் ஃபேன் கப்ளிங், இப்படி. வருஷத்துக்கு நாலைந்து முறை மட்டும் கீழேயிருந்து சாக்கில் சுற்றி வேறொன்று வரும்: வீட்டிலேயே கட்டிய சின்ன விமானத்தின் ப்ரொப்பெல்லர் கியர்பாக்ஸ்.

போன ஐப்பசி மழையில் ஒருவர் அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மேல பறக்குறப்ப ஒரு சத்தமும் இல்லண்ணா. தரையில நிக்கிறப்பதான் கடகடங்குது."

ஐடில், அதாவது தரையில் சும்மா நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டேன்.

"1,200. புல்லட் மாதிரி நின்னு அடிக்கும், கேக்கவே சுகம்."

அந்தச் சுகம்தான் பல்லைத் தின்றிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பல்லின் முன்பக்கம் வழவழப்பாக, சீராகத் தேய்ந்திருந்தது. பின்பக்கம் உளியால் கொத்தியதுபோல் பொடிப் பள்ளங்கள்.

இந்த மாதிரிச் சின்ன விமானத்தில் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓடக்கூடியது. 1.7 மீட்டர் ப்ரொப்பெல்லரை அதே வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒலியையே முந்திவிடும். அதனால் 100 குதிரைத்திறன் மாடலில் 2.43க்கு 1 என்று கியர் வைத்துச் சுமார் 2,260க்குக் குறைக்கிறார்கள். பிஸ்டன் தள்ளுவது விட்டுவிட்டுத்தான். வேகமாக ஓடும்போது அது தெரியாது, பல் ஒரே பக்கம் அழுந்தியிருக்கும். ஐடில் இறங்கினால், ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் எஞ்சின் தளர்கிறது, ப்ரொப்பெல்லர் தளர்வதில்லை. பர்லியார் இறக்கத்தில் பாரவண்டி மாட்டை முட்டுவதுபோல அது பின்னாலிருந்து பல்லை இடிக்கும். கையேடு 1,400க்குக் கீழே போகாதே என்கிறது. நான் 1,800 வைக்கச் சொல்வேன். ரோட்டாக்ஸ் 582 டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் 2,000 பக்கம். 'அப்புறம் தரையில் உருட்டிப் போகும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கணுமே' என்பார்கள். பிரேக் பேட் மலிவு சார்.

அவர் கழற்றுவதற்கு முன்னாலேயே ஒரு சோதனை செய்திருக்கலாம். ஓவர்லோட் கிளட்ச், அதாவது பெரிய அடி விழுந்தால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச், உள்ள 912க்கு இது. இரண்டு இக்னிஷனும் ஆஃப், சாவி சட்டைப்பையில். லாக்கிங் பின் செருகி எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டைப் பூட்டிவிட்டு ப்ரொப்பெல்லரைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் 15 அல்லது 30 டிகிரி நகரும். மாடலைப் பொறுத்தது. அந்த நகர்வில் கரகரப்போ திடீர்ப் பிடிப்போ இருக்கக் கூடாது. பிறகு மையத்திலிருந்து அரை மீட்டரில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். ப்ரொப்பெல்லரை நகர்த்த எவ்வளவு முறுக்கு தேவை என்று அது சொல்லும்: 8 கிலோ காட்டினால் ஏறத்தாழ 39 நியூட்டன் மீட்டர். 25க்கும் 60க்கும் நடுவில் இருக்கணும். ஆனால் எனக்கு அந்த எல்லையைவிட ஒவ்வொரு முறையும் அளவை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம் முக்கியம். 41, 40, 31 என்று சரிந்தால், எல்லைக்குள்ளேயே இருந்தாலும் பெட்டியைத் திறந்துவிடுவேன். இவரிடம் நோட்டே இல்லை.

ஆயிலில் வரும் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்த பிளக்கில் மை போன்ற சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பயம் வேண்டாம், விரலில் தேய்த்தால் கரைந்துவிடும். குத்துகிற செதில் வந்தால் பறக்காதீர்கள். 912ல் எஞ்சின் ஆயிலேதான் கியருக்கும் போகிறது. ஏவ்கேஸ் என்னும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் ஊற்றி ஓட்டுபவர்கள் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும், ஈயம் வண்டலாகப் படியும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். எங்கள் ஊர் மாதிரி மூட்டம் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் அந்த ஆயில் பால்காபி நிறத்துக்கு வந்துவிடும். அது தண்ணீர். பேரிங்கில் துரு ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும்.

ப்ரொப்பெல்லர் எதிலாவது இடித்து எஞ்சின் நின்றுபோனால், பிளேடில் கீறல்கூட இல்லையென்றாலும், கியர்பாக்ஸைத் திறந்து பார்க்காமல் மறுபடி ஓட்டக் கூடாது. 'புல்லுலதாண்ணா பட்டுச்சு' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருடைய ஷாஃப்ட் வளைந்திருந்தது.

புல்லட்காரர் மூன்று மாதம் கழித்துப் போன் செய்தார். "கடகட போயிடுச்சுண்ணா. ஆனா பிரேக் சூடாகுது." பேட் மாற்ற வரச் சொன்னேன். நோட்டும் ஒன்று வாங்கி வரச் சொன்னேன்.