மினிக்காய் விளக்கும் ஏற்காட்டுக் கணக்கும்

இருட்டிய பிறகு ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் மொத்தமும் காலடியில் மின்னும். நகரத்தைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேலே நிற்கிறோம், அதனால்தான். பூமி உருண்டை என்பதால் தொலைவிலிருப்பது அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். நாம் ஏற ஏற அடிவானம் தள்ளிப் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும். லேடீஸ் சீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது, நடுவே வேறு மலை மறைக்காவிட்டால்.

அரபிக்கடலில் இருக்கும் மினிக்காய்த் தீவுக்கு இந்த வசதி கிடையாது. தரை கடல்மட்டத்திலிருந்து சில அடிதான். கலங்கரை விளக்கம் வருவதற்கு முன் தென்னைகளைத் தவிர உயரமாக எதுவும் இல்லை. இரவில் மாலுமிக்கு அப்படி ஒரு தீவு இருப்பதே தெரியாது. 1862இல் ‘கொழும்பு’ என்ற பயணிகள் நீராவிக் கப்பல் இங்கேதான் மோதி உடைந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஏடனிலிருந்து இலங்கை போகும் கப்பல்கள் இதன் பக்கமாகவே போகத் தொடங்கின. 1885இல் ஆங்கிலேயர் கலங்கரை விளக்கம் கட்டினார்கள்.

விளக்கு ஏறத்தாழ 47 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப்படி அதன் அடிவானம் 24 கிலோமீட்டர். கப்பலில் ஒன்பது மீட்டர் உயரத்தில் நிற்கும் மாலுமியின் அடிவானம் 11 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 35. அவ்வளவு தூரத்திலிருந்தே மாலுமிக்கு விளக்கு தெரியும். சரி, கோபுரத்தை இரண்டு மடங்கு உயர்த்தினால்? வர்க்கமூலம் என்பதால் கோபுரத்தின் பங்கு 41 சதவீதம்தான் கூடும். அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாகாது.

ஆக, எட்டும் தூரத்தை உயரம் தீர்மானித்துவிடுகிறது. அவ்வளவு தூரத்திலும் கண்ணில் படும்படி ஒளியைத் திரட்டுவதுதான் மிச்ச வேலை. எண்ணெய் விளக்கின் ஒளி வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போகும். அதைக் கடல் பக்கம் திருப்பப் பெரிய குவிவில்லை வேண்டும், ஆனால் அது தாங்க முடியாத கனமாகிவிடும். பிரெஞ்சுக்காரர் பிரெனெல் இங்கேதான் அருமையாக யோசித்தார். ஒளி வளைவது கண்ணாடியின் மேற்பரப்பில்தான். நடுவிலிருக்கும் கண்ணாடி சும்மா சுமை. அதை நீக்கிவிட்டு, வளைவை மட்டும் வளையம் வளையமாக அடுக்கினார். மேலும் கீழும் சிதறும் ஒளியைத் திருப்பப் பட்டகங்களும் பிற்பாடு வந்து சேர்ந்தன. 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் இந்த வில்லையோடு முதன்முதலாக விளக்கு எரிந்தது.

அப்புறம், விளக்கு விட்டுவிட்டு மின்னுவது. ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் இறங்கும் பேருந்தைக் கீழிருந்து கவனித்தால், ஹெட்லைட் ஒவ்வொரு திருப்பத்திலும் நம் பக்கம் பளிச்சிட்டு மறையும். விளக்கு அணைவதில்லை, திரும்புகிறது. கலங்கரை விளக்கிலும் வில்லைதான் சுழல்கிறது. எத்தனை விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்பதைக் கடல் வரைபடத்தோடு ஒப்பிட்டு, மாலுமி எந்த விளக்கு என்று கண்டுகொள்வார்.

டன் கணக்கில் எடையுள்ள வில்லையைச் சுழற்ற, பின்னாளில் அதைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். விரலால் தள்ளினாலே நகரும். ஆனால் பாதரச ஆவி நஞ்சு. அதனால் பல நாடுகளில் அந்தத் தொட்டிகளை அகற்றிவிட்டு, சுழலத் தேவையில்லாமல் தானே விட்டுவிட்டு எரியும் எல்.இ.டி. விளக்குகளை வைக்கிறார்கள்.