வான்குடை: பாராசூட்டுக்குப் பொருந்தும் பெயர்தானா?

பாராசூட் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நீல நிறத் தேங்காய் எண்ணெய் டப்பாதான். சொல் அவ்வளவு பழகிவிட்டது. பழகியதாலேயே அதன் பொருளை யாரும் கேட்பதில்லை. ‘சூட்’ என்பதைச் சுடுவதோடு சேர்த்துப் புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள், கோட்டு சூட்டோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இது பிரெஞ்சுச் சொல். அங்கே ‘ஷூட்’ என்றால் விழுதல். ‘பாரா’ தடுத்துக் காப்பதைச் சொல்லும் முன்னொட்டு. இத்தாலிய மொழியின் ‘பராரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ஆக, விழாமல் காப்பது. இதே முன்னொட்டோடு பிரெஞ்சில் முன்பே இரண்டு சொற்கள் புழக்கத்தில் இருந்தன: வெயிலைத் தடுக்கும் ‘பாரசோல்’, மழையைத் தடுக்கும் ‘பாராப்ளுயி’. இரண்டுமே குடைகள். அந்த வரிசையில் மூன்றாவதாகப் பிறந்ததுதான் பாராசூட். அதைப் படைத்தவர் லூயி செபாஸ்தியன் லெனோர்மான். 1783 டிசம்பர் 26 அன்று மான்பெலியே நகரத்து வானாய்வுக் கோபுரத்திலிருந்து, மரச்சட்டத்தில் துணி விரித்த சுமார் 14 அடிச் சாதனத்தோடு குதித்துக் காட்டினார். அதற்கு முன்னால் ஒரு மரத்திலிருந்து இரண்டு குடைகளைப் பிடித்துக்கொண்டு குதித்துப் பார்த்திருந்தார். சயாம் அரசவையில் ஒரு கூத்தாடி இடுப்பில் இரண்டு பெரிய குடைகளைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதித்ததை, 1687இல் அங்கே தூதராகப் போன சிமோன் தெ லா லூபேர் எழுதியிருக்கிறார். அந்தச் செய்தியிலிருந்துதான் லெனோர்மானுக்கு யோசனை பிறந்தது என்பார்கள்.

1797இல் பாரிஸ் நகரத்துக்கு மேலே பலூனில் ஏறி, அங்கிருந்து பட்டுத்துணியோடு இறங்கிய கார்னரின் என்பவருடைய சாதனமும் அப்படித்தான். நடுவில் ஒரு கழி, மேலே போகும்போது மடக்கிய குடை, இறங்கும்போது விரிந்த குடை.

அதனால்தான் ‘வான்குடை’ என்ற தமிழ்ச் சொல் எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. பிரெஞ்சு மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் ‘வீழ்காப்பு’ என்று ஏதாவது வந்திருக்கும். யார் வாயிலும் நுழைந்திருக்காது. குடை என்று சொன்னதும் படம் கண்ணில் விழுகிறது. குடவு என்றால் வளைவு. குடம், குடை எல்லாவற்றையும் அந்த வளைவுச் சொற்களின் குடும்பத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். வளைந்த துணிக்குள் காற்றைத் தேக்கி இறங்கும் கருவிக்கு இதைவிட நல்ல பெயர் வேண்டுமா?

சரி, ஒரு சிக்கலும் இருக்கிறது. மழைக்குடையை நாம் சாய்த்த பக்கம் சாய்க்கலாம். வட்ட வான்குடையோ காற்று போகிற பக்கம் போகும். 1951இல் யூகோஸ்லாவியாவில் பிளெட் அருகே லெஸ்ட்ஸே விமானத் திடலில் முதல் உலக வான்குடைப் போட்டி நடந்தது. 5 நாடுகள் கலந்துகொண்டன. தரையில் குறித்த புள்ளிக்கு எவ்வளவு அருகில் வந்து இறங்குகிறோம் என்பதுதான் அந்தக் காலப் போட்டிகளின் உயிர். தோள் வார்களை இழுத்துக் கொஞ்சம் சறுக்கலாம். மற்றபடி, எங்கே குதிக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருந்த கருவி, பிறந்தநாள் வீட்டில் தோரணம் கட்டுகிற அதே கிரேப் பேப்பர். சுமார் 25 செ.மீ. அகலம், 6 மீட்டர் நீளம், ஒரு முனையில் எடைக்கு இரும்புக் கம்பி. ஆளோடு வட்டக் குடை இறங்கும் அதே வேகத்தில் இறங்கும்படி எடை பார்த்துச் செய்வார்கள். குடை விரியும் உயரத்தில், புள்ளிக்கு நேர் மேலே விமானம் வரும்போது அதை வெளியே போடுவார்கள். அது போய் விழுந்த இடத்துக்கும் புள்ளிக்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரம் புள்ளிக்கு எதிர்ப்பக்கம் போய்க் குதிக்க வேண்டும். திறந்த கதவில் படுத்து, தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்தபடி, ‘ஐந்து வலது’, ‘ஐந்து இடது’ என்று பாகைக் கணக்கில் விமானிக்குச் சொல்லித் திருப்புவார்கள். தமிழில் அந்தத் தாளை ‘காற்றுப்போக்குத் தாள்’ என்றே சொல்லலாம். அதன் வேலையும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

அப்புறம் குடையிலேயே கை வைத்தார்கள். போரில் மிஞ்சிய 28 அடிக் குடைகளில், பின்பக்கத்துப் பட்டைகள் சிலவற்றை வெட்டியெடுத்தார்கள். உள்ளே தேங்கிய காற்று அந்த வழியாகப் பின்னால் பீய்ச்சும், குடை முன்னால் நகரும். ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் அந்தப் பக்கம் திரும்பும். வெட்டின் வடிவத்தை வைத்து ‘டபுள் எல்’, ‘டி யூ’ என்று எழுத்துகளிலேயே பெயர் வைத்தார்கள். வீட்டுக் குடையில் ஓட்டை விழுந்தால் தைக்கக் கொடுப்போம். இவர்கள் கத்தரியை எடுத்து, குடையைக் குடைந்தார்கள். 1964இல் வந்த ‘பாரா கமாண்டர்’ என்ற குடை இதன் உச்சம். பிரெஞ்சுக்காரர் லெமுவாஞின் வடிவமைப்பிலிருந்து வந்தது. நடு உச்சியைக் கீழே இழுத்துக் கட்டி, உடல் முழுக்கப் பிளவுகள் வைத்த குடை. அதோடு வந்தவர்கள் கடைசி நொடியில் ஒரு காலை நீட்டி, இலக்கின் நடுவில் வைத்த சிறு வட்டைக் குதிகாலால் மிதிக்கப் பார்ப்பார்கள். உடலில் எது முதலில் தரையைத் தொடுகிறதோ அங்கிருந்துதான் அளவு நாடா.

இந்தப் போட்டிப் பிரிவுக்கு ‘அக்யூரசி’ என்று பெயர். லத்தீனில் அக்கறை என்று பொருள்படும் ‘கூரா’விலிருந்து வந்தது. நாம் இதற்குத் துல்லியம் என்கிறோம். அதுவோ வடமொழியின் ‘துல்ய’, அதாவது நிகர், சமம். துலாக்கோலும் அந்த வீட்டுப் பிள்ளை. பழைய அகராதிகளில் துல்லியத்துக்கு ஒப்பு என்றே பொருள் இருக்கும். பிசகில்லாமை என்ற இன்றைய பொருள் பின்னால் ஏறியது. ‘துல்லியத் தரையிறக்கம்’ என்று எழுதினால் தவறில்லை, ஆனால் அது விமானத்துக்கும் பொருந்தும். ‘இலக்கில் இறங்குதல்’ என்பதே என் தேர்வு. இலக்கு ‘லட்சிய’த்தின் உறவு என்று சொல்பவர்களும் உண்டு. இருந்தாலும் சொன்னதும் எல்லோருக்கும் புரிகிறது. உடலோடு கட்டும் வார்களுக்குச் ‘சேணம்’ நன்றாகவே பொருந்தும்.

வட்டின் அளவு ஒரு காலத்தில் 10 செ.மீ. பிறகு 5, 3 என்று சுருங்கி இப்போது 2 செ.மீ. ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம். இறங்குவதற்கு முன்பு வைத்திருந்த கூழாங்கல் குழியின் இடத்தில் மெத்தை வந்துவிட்டது, நாடாவின் இடத்தில் மின்னணு அளவி.

குடையும் மாறிவிட்டது. டொமினா ஜால்பெர்ட் 1966இல் காப்புரிமை பெற்ற இரட்டைத் துணி அமைப்பில், முன்வாயில் புகும் காற்று அறைகளை நிரப்பித் துணியையே சிறகாக்கிவிடும். 1970களில் போட்டித் திடல்களை அதுவே பிடித்துக்கொண்டது. குதிப்பவர்கள் அதை ‘ஸ்கொயர்’ என்கிறார்கள், சதுரமாக இல்லாவிட்டாலும். இதை வான்குடை என்னலாமா என்று கேட்டால், பொதுப்பெயராகத் தாராளமாகச் சொல்லலாம். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் பழையதை வட்டக்குடை என்றும் இதைச் சிறகுக்குடை என்றும் எழுதுகிறேன்.