66, 68.5, 69 அடி: வைகை அணையின் மூன்று கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை

ஆண்டிபட்டி அருகே உள்ள வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதற்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் கட்ட எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் கட்ட எச்சரிக்கையும் விடப்படுகின்றன. அணையில் அபாயச் சங்கு ஒலிக்கிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கும் அறிவிப்பு போகிறது. மூன்றாம் கட்டத்துக்குப் பின், அணைக்கு வரும் நீர் பொதுவாக அப்படியே உபரியாக ஆற்றில் திறந்துவிடப்படும்.

அணை நிறைய இரண்டு அடி பாக்கி இருக்கும்போதே ஏன் திறக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். திறப்பதென்றால் 60 அடியிலேயே திறந்திருக்கலாமே என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அடுத்த ஒரு நாளில் எவ்வளவு நீர் வரும் என்பது முடிவெடுக்கும் நேரத்தில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. வருசநாட்டு மலையில் இரவில் கொட்டும் மழை மூல வைகையில் வெள்ளமாக இறங்கி, நொடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் அணைக்கு வந்தால், சேரும் நீர் 86.4 கோடி கன அடி. அணையின் கொள்ளளவாகக் கணக்கில் கொள்ளப்படும் 609.1 கோடி கன அடியில் இது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. மேலே விட்டுவைக்கும் அந்த இரண்டு அடி, எதிர்பாராமல் வரும் இத்தகைய நீரில் ஒரு பகுதியையாவது வாங்கிக்கொள்வதற்கான இடம். மாறாக, முன்கூட்டியே நீரை வெளியேற்றிவிட்டு மழையும் பொய்த்துப் போனால், மதுரையின் குடிநீரும் இருபோக, ஒருபோகப் பாசனமும் கோடையில் அடிவாங்கும்.

வானிலை அறிவிப்பில் வரும் சொற்களுக்கும் திட்டமான அளவு உண்டு. 24 மணி நேரத்தில் ஏழு முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கில் என்று பொருள். ஆகவே, தேனி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிக கனமழைக்கு வாய்ப்பு என்று அறிவித்த நாளில் உங்கள் ஊரில் தூறல்கூட விழாமல் போகலாம். அறிவிப்பு பொய்த்ததாக அதற்கு அர்த்தமில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களும் மழையளவை மட்டும் பார்த்துத் தரப்படுவதில்லை. அது நிகழும் வாய்ப்பும் நிகழ்ந்தால் ஏற்படும் பாதிப்பும் சேர்த்தே கணிக்கப்படுகின்றன. மஞ்சள் வந்தால் கவனமாக இருக்க வேண்டும், ஆரஞ்சு வந்தால் தயாராக வேண்டும், சிவப்பு வந்தால் செயலில் இறங்க வேண்டும்.

'போன தடவையும் சங்கு ஊதினார்கள், ஒன்றும் வரவில்லை' என்ற பேச்சுதான் எனக்குப் பெரும் கவலை. முதற்கட்ட எச்சரிக்கை வெள்ளம் வந்தே தீரும் என்று சொல்வதில்லை. ஆற்றுக்குள் இருக்கும் ஆடு மாடுகளையும் மோட்டார்களையும் மேட்டுக்குக் கொண்டுபோக அவகாசம் தருகிறது. தேவையில்லாமல் ஏற்றியிருந்தால் அரை நாள் உழைப்பு வீண். ஏற்றாமல் விட்டு நீர் வந்துவிட்டால் இழப்பு அந்தக் குடும்பத்தின் வாழ்வாதாரம். மூன்றாம் கட்டம் வந்தபின் ஆற்றில் இறங்குவதோ, குளிப்பதோ, துணி துவைப்பதோ, தரைப்பாலத்தைக் கடப்பதோ கூடாது. அபாயப் பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றவும் போக்குவரத்தை நிறுத்தவும் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட அளவில் அதிகாரம் அளிக்கிறது.

மதுரையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வராக நதியும் மஞ்சளாறும் வைகையில் சேர்வது அணைக்குக் கீழே. அணை 60 அடியில் இருந்தாலும், மதகு மூடியே இருந்தாலும், கொடைக்கானல் மலைச்சரிவில் பெய்யும் மழை அந்த ஆறுகளின் வழியே யானைக்கல் தரைப்பாலத்தை வந்தடையலாம். அந்த நீருக்கு அணையின் சங்கு ஒலிக்காது. மலையில் தொடர்மழை என்று தெரிந்தாலே, அணையின் நீர்மட்டத்தோடு இந்த ஆறுகளின் நிலவரத்தையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் கேட்டுக்கொள்வது நல்லது. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.