பேடில்போர்டில் நின்று தூண்டில் போடப் போகிறீர்களா? மீனைப் பிறகு பார்க்கலாம், முதலில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டுங்கள்

பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு நீர்த்தேக்கத்தின் பின்நீர்ப் பகுதியில், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாணவர்கள் இருவருக்குத் துடுப்புப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தேன். எங்களிடமிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் தள்ளி, அல்சூரைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் தனியாகத் தன் புதிய பேடில்போர்டில் (நின்றபடி துடுப்பு வலித்துச் செல்லும் மிதவைப் பலகை) நின்று விராலுக்குத் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். பிற்பகலில் காற்று எழுந்தது. போர்டின் பக்கவாட்டு வளையத்தில் அவர் கட்டியிருந்த நங்கூரம் நீருக்கடியில் நின்ற பட்டமரம் ஒன்றில் மாட்டிக்கொள்ள, காற்று போர்டைத் தள்ள, கயிறு விறைத்து ஒரு விளிம்பைக் கீழே இழுக்க, அவர் தண்ணீரில் விழுந்தார். அவரைப் போர்டோடு பிணைக்க கணுக்காலில் கட்டியிருந்த சுருள் கயிறு, அதாவது லீஷ், நங்கூரக் கயிற்றோடு பின்னிக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மூக்கு நீர்மட்டத்திற்கு மேல் வருவதும் மறைவதுமாக இருந்தது. கயிற்றை அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்தோம், பிழைத்துக்கொண்டார். அவருடைய லைஃப் ஜாக்கெட், போர்டின் முன்பகுதியில் எலாஸ்டிக் கயிறுகளுக்கு அடியில் சற்றும் நனையாமல் பத்திரமாக இருந்தது.

கரையில் மூச்சு திரும்பிய பிறகு அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "அண்ணா, போர்டே மிதக்குதே, அதனாலதான் ஜாக்கெட் போடல." இந்த ஆண்டில் இதே விளக்கத்தை, ஏறக்குறைய இதே சொற்களில், மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். பதினோரு ஆண்டுகளாக இந்தப் பயிற்சியை அளித்து வரும் எனக்கு, இனியும் எழுதாமல் இருப்பது தவறு என்று தோன்றுகிறது.

போர்டு மிதக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மிதப்பது நீங்கள் அதன் மேல் இருக்கும்வரைதான் உங்களுக்குப் பயன்படும். காற்றடைத்த போர்டு ஒன்றின் எடை பத்து, பன்னிரண்டு கிலோதான் இருக்கும். ஆறங்குல உயரத்திற்கு நீருக்கு மேலே நிற்கும் அந்தப் பலகை, நீங்கள் விழுந்து எடை இறங்கிய அடுத்த கணமே பாய்மரத்தைப் போலக் காற்றை வாங்கிக்கொள்ளும். காற்றோடு விலகிச் செல்லும் போர்டைச் சட்டையும் கால்சட்டையுமாக நீந்திப் பிடிப்பது நல்ல நீச்சல்காரருக்கே கடினம். "அதற்குத்தானே லீஷ் இருக்கிறது" என்பது அடுத்த பதில். லீஷ் போர்டை உங்களோடு வைத்திருக்கும், உங்கள் வாயை நீருக்கு மேல் வைத்திருக்காது. விழும்போது ராடு (தூண்டில் கோல்) செருகும் பிடிப்பானிலோ போர்டின் விளிம்பிலோ தலை மோதி ஒருவர் அரை நினைவோடு நீரில் கிடந்தால், கால் போர்டோடு கட்டப்பட்டிருப்பதால் அவருக்கு என்ன நன்மை? "எனக்கு நன்றாக நீச்சல் தெரியும்" என்பது மூன்றாவது பதில். நீச்சல் தெரிந்தவர் நீந்துவதற்கு இரு கைகளும், தடையில்லாத கால்களும், கலங்காத மூச்சும் தேவை. தூண்டில்காரர் விழும்போது ஒரு கையில் ராடு இருக்கும், அவரைச் சுற்றித் தூண்டில் முள்ளும் தூண்டில் நரம்பும் இருக்கும். அந்த இளைஞர் பள்ளிக் காலத்தில் நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நீரில் மூழ்கியிருக்கும் மனித உடலின் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்கிவிடுகிறது. தலையை வெளியே வைத்திருக்கச் சில கிலோ அளவிலான கூடுதல் மிதப்பு இருந்தால் போதும். மிதப்பு விசையை நியூட்டன் என்ற அலகில் குறிப்பார்கள்; 50 நியூட்டன் என்று குறிக்கப்பட்ட மிதவை உடுப்பு தருவது ஏறத்தாழ ஐந்து கிலோ மிதப்பைத்தான். நீந்தத் தெரிந்தவருக்கு, அருகில் துணை இருக்கும் அமைதியான நீரில் அது பொருத்தமானது. துடுப்பு வலிக்கவும் தூண்டில் வீசவும் தோள்களுக்கு இடம் விடும் வகையில் தைக்கப்பட்டவை கிடைக்கின்றன. நினைவிழந்தவரை முகம் மேலே இருக்கும்படி அது திருப்பிவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்த நோக்கத்திற்காகச் செய்யப்படுபவை 100 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ள ஜாக்கெட்டுகள். நீச்சல் தெரியாதவர் கரைக்கு அருகில் பயிற்சி பெறும்போதுகூட அவற்றையே அணிய வேண்டும். இடுப்பில் பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு, தேவைப்படும்போது இழுத்து வாயு நிரப்பும் வகை ஒன்றும் இருக்கிறது. விழுந்த பிறகு பிடியைத் தேடி இழுத்து, உப்பிய பையைத் தலைவழியாக மாட்டிக்கொள்ள வேண்டிய அந்தப் பொருளைத் தூண்டில்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கடையில் ஜாக்கெட் வாங்கும்போது எல்லாப் பட்டைகளையும் இறுக்கிவிட்டு, தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் அந்த அளவு உங்களுக்கானது அன்று.

அடுத்தது லீஷ். பேடில்போர்டோடு பெட்டியில் இலவசமாக வரும் கணுக்கால் லீஷ், தடைகள் இல்லாத, ஓட்டம் இல்லாத திறந்த நீருக்கானது. நம் நீர்த்தேக்கங்களின் பின்நீர்ப் பகுதிகளில் மூழ்கிய மரங்கள் இருக்கின்றன, மீனவர்கள் விரித்த வலைகள் இருக்கின்றன. மதகு திறந்தால் அசையாதிருந்த நீரிலும் ஓட்டம் பிறக்கிறது. ஓடும் நீரில் லீஷ் எதிலாவது சிக்கினால், நீரின் விசை உங்கள் உடலை நீட்டி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குனிந்து கணுக்காலைத் தொடுவது எவராலும் ஆகாத காரியம். 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், பெருகி ஓடிய ஆற்றின் தடுப்பணையில் சிக்கிப் பேடில்போர்டு குழுவினர் நால்வர் உயிரிழந்தனர். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், ஓடும் நீருக்கு ஏற்ற லீஷ் எது என்பதும் முக்கியமாகப் பேசப்பட்டது. எங்களைப் போன்ற பயிற்றுநர்கள் அந்த அறிக்கையைப் படித்த பிறகும் கணுக்கால் லீஷோடு மாணவரை ஆற்றில் இறக்கினால், அது மன்னிக்கக்கூடிய பிழையாக இருக்காது. இடுப்பில் அணியும், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் லீஷை வாங்குங்கள். அதன் பிடி இரு கைகளுக்கும் எட்டும்படி முன்பக்கம் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை கழற்றிப் பாருங்கள். வேறு எந்தப் பொருளில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நங்கூரத்தைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை. மடக்கக்கூடிய, ஒன்றரைக் கிலோ அளவிலான நான்கு கொக்கி நங்கூரம் போதும். அதைப் போர்டின் முன்முனையிலிருந்தோ வாலிலிருந்தோ மட்டுமே விட வேண்டும், பக்கவாட்டிலிருந்து ஒருபோதும் விடக் கூடாது. கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவையைக் கட்டி, உடனே விடுவிக்கக்கூடிய பிடிப்பானில் மாட்டுங்கள். சிக்கினால் கயிற்றை விட்டுவிட்டு, காற்று தணிந்த பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். ஓடும் ஆற்றில் நங்கூரமே வேண்டாம். மொட்டை முனையுள்ள சிறு கத்தி ஒன்று ஜாக்கெட்டின் மார்புப் பகுதியில் இருக்க வேண்டும். தூண்டில் பெட்டிக்குள் கிடக்கும் கத்தி, நீரில் இருப்பவருக்கு வீட்டில் கிடக்கும் கத்திதான்.

போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் நீளத்தைக் கேட்கிறார்கள், நான் அகலத்தைக் கேட்கச் சொல்வேன். சுற்றிப் பார்ப்பதற்கான போர்டுகள் 30 முதல் 32 அங்குல அகலம் கொண்டவை. நின்றபடி வீசவும், பக்கவாட்டில் குனிந்து மீனை வலையில் ஏந்தவும் 34 முதல் 36 அங்குலம் இருப்பது நல்லது. நீளம் பதினொன்று அடிக்கு முன்பின்னாக இருக்கலாம். சுமைத்திறன் 150 கிலோ என்று அச்சிட்டிருந்தால், அது போர்டு மூழ்காமல் தாங்கும் எடை, நீங்கள் நிலையாக நிற்கக்கூடிய எடை அன்று. நான் மூன்றில் இரண்டு பங்கையே கணக்கில் கொள்வேன். 78 கிலோ எடையுள்ளவருக்கு மீதி 22 கிலோதான் இருக்கிறது; ஐஸ் நிரப்பிய பெட்டியை ஏற்றியவுடன் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நான்கு ராடுகள், இரண்டு பெட்டிகள், மீன் தேடும் கருவி, அதன் பேட்டரி என்று கடையையே ஏற்றிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காவிரிக் கரையில் பரிசல்காரர் ஒருவர் ஒரு வலையோடும் ஒரு துடுப்போடும் விடியற்காலையில் போய், இவர்கள் வாழ்நாளில் பார்க்காத மீனைக் கொண்டுவருகிறார். மரங்கள் எங்கே மூழ்கியிருக்கின்றன, வலை எங்கே விரிந்திருக்கிறது என்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

"முள் குத்தினால் போர்டு பலூன் போல வெடிக்காதா?" என்ற அச்சம் பலருக்கு உண்டு. தரமான போர்டின் பிவிசி உறை அவ்வளவு எளிதில் கிழியாது. மும்முனை முள் ஆழமாகப் பாய்ந்தாலும் காற்று மெல்லத்தான் கசியும், கரை சேர நேரம் கிடைக்கும். உண்மையான பகை வெயில். காலைக் குளிரில் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுக்கு நிரப்பிய போர்டைக் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், உள்ளிருக்கும் காற்று 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாகும்போது அழுத்தம் 18 பிஎஸ்ஐ வரை ஏறிவிடும். பழைய தையலும் பழைய ஒட்டும் அதைத் தாங்காமல் போகலாம். நிழலில் வையுங்கள், இல்லையேல் சிறிது காற்றை இறக்கிவிடுங்கள். ஒட்டுப்போடும் பசை முழுமையாக இறுகுவதற்கு ஒரு நாள் ஆகும் என்பதால், முந்தைய இரவு அவசரமாக ஒட்டிய போர்டை மறுநாள் காலை நீரில் இறக்காதீர்கள்.

ஆகாயத்தாமரை படர்ந்த நம் ஏரிகளில், போர்டோடு வரும் ஒன்பது அங்குல ஃபின் (போர்டின் அடியில் திசையைக் காக்கும் தகடு) ஓயாமல் கொடியில் மாட்டும். நின்றுகொண்டிருப்பவர் முன்னே குப்புற விழுவதற்கு அது ஒன்றே போதும். குட்டையான ஃபின் ஒன்றைத் தனியே வாங்கி வையுங்கள்.

ஆறரை அல்லது ஏழடி ராடு ஒன்று, நரம்பைச் சுற்றி வைக்கும் 2500 அல்லது 3000 அளவு ரீல் ஒன்று, கைப்பிடி மிதக்கும் ரப்பர் வலை ஒன்று, கயிற்றில் கட்டிய குறடு ஒன்று: விராலுக்கும் ஜிலேபிக்கும் ரோகுவுக்கும் இவ்வளவே போதும். பல இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பை ஒருபோதும் கையில் சுற்றி இழுக்காதீர்கள், அது விரலை அறுத்துவிடும். முள் எதிலாவது சிக்கினால் முதலில் மண்டியிடுங்கள், பிறகு இழுங்கள். நின்றபடி இழுத்தால் விடுபடும் முள் நேராக முகத்திற்கு வரும், நீங்கள் பின்னால் சாய்வீர்கள். நீரின் மேல் கண்கூசும் ஒளியைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி மீனைக் காட்டுவதோடு அந்த நேரத்தில் கண்ணையும் காக்கும். மும்முனை முள்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டி, முள் கழன்றுவிடாமல் தடுக்கும் அதன் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். எதிர்முள்ளோடு தசையில் இறங்கிய முள்ளைப் பிடுங்க முயலாமல் மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத ராடுகளின் முள்களைப் பெட்டிக்குள் வையுங்கள். விழுந்தவர் போர்டில் மீண்டும் ஏறும்போது, பிடிப்பானில் தொங்கும் முள் சரியாக முகத்தின் உயரத்தில் இருக்கும்.

கார்பன் துடுப்பும் கார்பன் ராடும் இலகுவானவை, ஆனால் மின்சாரத்தைக் கடத்துபவை. பின்நீரைக் கடந்து செல்லும் உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் ராடை உயர்த்தாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரைச் சுற்றி மாலையில் இடிமழை வருவது வழக்கம். முதல் இடி கேட்டவுடன் கரைக்குத் திரும்ப வேண்டும். கடைசியாக ஒரு முறை வீசிப் பார்க்கும் ஆசைக்கு அப்போது இடம் கொடுக்கக் கூடாது.

கைபேசி நீர்புகாத உறையில் உங்கள் உடலோடு இருக்கட்டும், 112 என்ற எண் நினைவில் இருக்கட்டும், உள்ளே உருளும் பந்து இல்லாத விசில் ஒன்று ஜாக்கெட்டில் தொங்கட்டும். மீன்வளத் துறையின் அனுமதி இருக்கும் நீர்நிலைக்கே போங்கள். நுழையத் தடை என்று பலகை வைத்த நீர்த்தேக்கமும் வனவிலங்குச் சரணாலயத்தின் ஆறும் தூண்டிலுக்கான இடங்கள் அல்ல. தனியாகப் போகாதீர்கள்.

அந்த இளைஞர் இரண்டு வாரம் கழித்துத் தன் பொருட்களையெல்லாம் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் எதையும் குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் வழக்கம் போல ஏற்றிக் கட்டச் சொல்லி, ஜாக்கெட்டை மாட்டவைத்து, மார்பளவு நீரில் ஐந்து முறை விழுந்து ஐந்து முறை ஏறச் சொன்னேன். முதல் முறை ஏறுவதற்கு அவர் மிகவும் திணறினார். இரண்டாவது முறைக்கு முன் ஐஸ் பெட்டியைக் கரையில் இறக்கிவைத்தார். மூன்றாவது முறைக்கு முன் ஒரு ராடு தவிர மற்றவற்றையும் நங்கூரத்தையும் இறக்கினார். ஐந்தாவது முறை, விழுந்தவர் லீஷைக் கழற்றி மீண்டும் மாட்டிக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் ஏறி நின்றார். நீங்களும் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்பு, இருப்பதையெல்லாம் கட்டிக்கொண்டு இப்படி ஐந்து முறை விழுந்து பாருங்கள்.